உலர்சரக்கு என்பது யாது?



சென்ற ஆண்டு, நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி பள்ளி நூலகத்திலிருந்து எடுத்த ஆங்கிலக் கதைப் புத்தகம் ஒன்றைக் கையில் ஏந்தியவாறு என் அறை வாயிலில் வந்து நின்றாள். அஃது அமெரிக்க நாட்டுக் கதை. அதில் வரும் சிறுமி தன் தாயுடன் 'டிரை கூட்ஸ்' கடைக்குச் சென்று நீலநிற ரிப்பனும் சட்டைத் துணியும் வாங்குகிறாள். "ஐயா, டிரை கூட்ஸ் என்றால் காய்ந்த சாமான் என்று அப்பா சொன்னார். எங்கள் கடையில் காய்ந்த சாமான் என்றால் பருப்பும் கருவாடும்தானே! அந்தப் பெண் கருவாட்டுக் கடையிலா ரிப்பன் வாங்கினாள்?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்ததேயன்றி விடை உடனே வரவில்லை. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தந்தையார் கூறியது முற்றிலும் சரியே. எனினும் கதையாசிரியர் எழுதியதும் தவறன்று. பின்னர் நூல்களைப் புரட்டி நான் அறிந்தவற்றை அம்மாணவிக்கு மட்டும் கூறிவிட்டு அமைவதைவிட, இம்மலரில் எழுதிவைப்பது நலம் எனத் தோன்றியது. ஏனெனில் இச்சொல்லின் வரலாறு நம் மலாக்காத் துறைமுகத்தையும், நம் தோட்டத்துப் பால் கொட்டகையையும், நம் தாய்மார்களின் கடைக்கணக்கையும் தொட்டுச் செல்கின்றது.

'டிரை கூட்ஸ்' என்னும் தொடர் பதினேழாம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் வழக்கிற்கு வந்துவிட்டது. அதன் பிறப்பிற்கு இருவகை விளக்கம் கூறுவர். முதலாவது, அளவை பற்றியது. அக்காலத்தில் தானியம் அளக்க ஒரு மரக்காலும், மது முதலிய நீர்ப்பொருள் அளக்க வேறொரு மரக்காலும் அந்நாட்டில் இருந்தன. உலர் அளவையால் அளந்து விற்கப்பட்டவை உலர்சரக்கு என்பது இவ்விளக்கம். இரண்டாவது, கப்பல் வாணிகம் பற்றியது. பீப்பாய்களில் வந்த மதுவும் சர்க்கரைப் பாகும் ஈரச்சரக்கு. மூட்டையாகவும் பொதியாகவும் வந்தவை உலர்சரக்கு. அமெரிக்காவில் மதுவகைகளை 'வெட் கூட்ஸ்', அதாவது ஈரச்சரக்கு என்றே வேடிக்கையாகக் குறித்து வந்தனர். நம்மவருள் சிலர் மதுவை வெறுமனே 'சரக்கு' என்று சொல்லிக் கண் சிமிட்டுவதை இதனோடு ஒப்பிட்டு நோக்குக. (மாணவர்கள் இவ்வரியைத் தாண்டிச் செல்லலாம்.)

காலப்போக்கில் அமெரிக்கர்கள் உலர்சரக்கு என்னும் பெயரைத் துணி, நூல், பொத்தான், ரிப்பன், ஆயத்த ஆடை ஆகியவற்றுக்கே உரியதாக்கிக் கொண்டனர். அரிசி, மாவு, சீனி விற்கும் கடைக்கு அங்கே வேறு பெயர் உண்டு. நியூயார்க் நகரில் 1858ஆம் ஆண்டு மேசி என்பார் தொடங்கிய உலர்சரக்குக் கடையே பின்னாளில் பல மாடிப் பேரங்காடியாக வளர்ந்தது. 1853ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் மொத்த உலர்சரக்கு வாணிகம் தொடங்கியவர் லீவை ஸ்ட்ராஸ். நம் இளைஞர் விரும்பி அணியும் ஜீன்ஸ் காற்சட்டைக்கு அவரும் டேவிஸ் என்னும் தையற்காரரும் 1873இல் காப்புரிமை பெற்றனர். எனவே ஜீன்ஸும் ஒருவகையில் உலர்சரக்குக் கடையில் பிறந்ததே.

ஆங்கிலேயரும் அவர் ஆட்சிக்குட்பட்டிருந்த நாட்டினரும் வேறு வழி சென்றனர். அவர்களிடையே உலர்சரக்கு என்பது பருப்பு, மாவு, சீனி, காப்பித்தூள் போன்ற, நெடுநாள் கெடாத உணவுப் பொருள்களையே குறித்தது. நம் நாட்டில் இப்பொருளே நிலைத்தது. இலங்கைத் தமிழர் 'உலர் உணவுப் பொருள்' என்று அழகாக வழங்குவதும் இதனையே. ஆக, ஒரே தொடர் கடலின் அக்கரையில் துணியாயிற்று, இக்கரையில் பருப்பாயிற்று.

தமிழில் இவ்விரண்டிற்கும் தனித்தனிப் பெயர்கள் முன்பே இருந்தன. தானியத்திற்குக் கூலம் என்று பெயர். துணிக்கு அறுவை என்று பெயர். நெய்த துணியை அளந்து அறுத்து விற்பதால் அறுவை. மணிமேகலை இயற்றிய சாத்தனார் மதுரைக் கூலவாணிகர். சங்கப் புலவருள் ஒருவராகிய இளவேட்டனார் மதுரை அறுவை வாணிகர். ஒருவர் நம் நாட்டுப் பொருளிலும், மற்றவர் அமெரிக்கப் பொருளிலும் உலர்சரக்கு விற்றவர்கள் என்று நான் வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் ஆரவாரம் செய்தனர். சிலப்பதிகாரத்து மதுரையிலும் கூலவீதி வேறு, அறுவை வீதி வேறு. அக்கூலவீதியில் மிளகு மூட்டைகளும் கிடந்தனவாக இளங்கோவடிகள் காட்டுகின்றார்.

அளவையிலும் நம் முன்னோர் வேறுவகையாகப் பிரித்தனர். எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நால்வகை. தேங்காயை எண்ணுவர், மிளகாயை நிறுப்பர், அரிசியை முகப்பர், துணியை நீட்டி அளப்பர். அரிசியும் முகத்தலே, எண்ணெயும் முகத்தலே. உலர்ந்தது, ஈரமானது என்ற வேறுபாடு இங்கே எழவில்லை. ஆங்கிலேயர்தாமும் 1824ஆம் ஆண்டுச் சட்டத்தால் தானியத்திற்கும் நீர்ப்பொருளுக்கும் ஒரே காலன் அளவை வகுத்தனர். (மலாக்கா ஒல்லாந்தரிடமிருந்து அவர்கள் கைக்கு மாற வழிசெய்த உடன்படிக்கையும் அவ்வாண்டினதே.) அமெரிக்காவில் மட்டும் உலர் குவார்ட்டு, நீர்மக் குவார்ட்டைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு பெரியதாக இன்றும் இருந்து வருகின்றது.

மளிகை என்னும் சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. கன்னடத்தில் 'மளிகெ' என்றால் கடை. தமிழில் அது கடையில் விற்கும் பண்டத்தையும் குறிக்கலாயிற்று. மாணவர் பலர் ஆண்டுதோறும் 'மாளிகைச் சாமான்' என்று கட்டுரையில் எழுதுகின்றனர். மாளிகை அரசர் வாழுமிடம். பலசரக்கு என்பதோ மிகத் தெளிவான சொல். ஆங்கிலேயர் இந்நாட்டில் அக்கடையை 'சண்டிரி' கடை என்றதற்கும், சீனர் தம் மொழியில் வழங்கும் பெயருக்கும் இதே பொருள்தான்: பலவும் கலந்த சரக்கு. மூவினக் கடைக்காரரும் தம்முள் கலந்து பேசாமலே ஒரே பெயர் வைத்துள்ளனர்.

நிற்க. துணியும் கூலமும் ஏன் ஒரே பெயருக்குள் அடங்கின என்பதைக் கண்ணால் காண விரும்புவோர் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பத்து பெரண்டாமிலிருந்து பேருந்தேறி மலாக்கா ஆற்றங்கரைக்குச் சென்றால் போதும்.

ஐந்நூறு ஆண்டுகட்கு முன்னர் உலகின் மிகப் பெரிய உலர்சரக்குச் சந்தைகளுள் ஒன்று அங்குதான் இருந்தது. மேற்கிலிருந்து குசராத்துத் துணியும் சோழமண்டலக் கரைத் துணியும் வந்தன. கிழக்கே மலுக்குத் தீவுகளிலிருந்து கிராம்பும், பண்டா தீவுகளிலிருந்து சாதிக்காயும் சாதிபத்திரியும் வந்தன. துணியைக் கொடுத்து நறுமணப் பண்டம் வாங்கினர். அத்தீவுகளில் இந்தியத் துணி ஏறக்குறைய நாணயம் போலவே கைமாறியது. 1512 முதல் 1515 வரை இங்குத் தங்கியிருந்த போர்த்துக்கீசியரான தோமே பிரஸ், இத்துறைமுகத்தில் எண்பத்து நான்கு மொழிகள் பேசப்பட்டதாக எழுதியுள்ளார். சுல்தான்கள் காலத்தில் அயல்நாட்டு வணிகர்க்கென நான்கு துறைமுகத் தலைவர்கள் இருந்தனர் என்பதும் அவர் தரும் செய்தி. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த நம்மவரும் அவ்வணிகருள் முதன்மையானோர். இன்று காஜா பேராங்கில் வாழும் மலாக்காச் செட்டிகள் அவ்வணிகர் மரபினர்; அவர்களது ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் 1781இல் எழுந்தது.

பருவக்காற்று மாறும் வரை கப்பல்கள் மாதக்கணக்கில் இங்கே காத்துக் கிடந்தன. அதுவரை சரக்கு எங்கே இருக்கும்? கிடங்கில். சீனத் தளபதி செங் ஹோவுடன் பயணம் செய்த மா ஹுவான் என்பார், சீனர்கள் மலாக்காவில் வேலி சூழ்ந்த பண்டகசாலைகள் அமைத்து, அவற்றில் பொருள்களைச் சேர்த்து வைத்துத் தென்காற்றிற்காகக் காத்திருந்ததை எழுதி வைத்துள்ளார். நம் ஊரின் மழையையும் புழுக்கத்தையும் எண்ணிப் பாருங்கள். நனைந்த துணியில் கரும்புள்ளி விழும். நனைந்த கிராம்பு பூஞ்சணம் பிடிக்கும். நனைந்த அரிசி நாறும். இறக்குமதியாளர் கண்ணுக்குத் துணியும் கிராம்பும் வெவ்வேறு பொருளல்ல. இரண்டும் ஈரம் பட்டால் முதலுக்கே இழப்பு வரும் பொருள்கள். 'முதல்' என்னும் நம் சொல்லே மலாய் மொழியில் 'மோடால்' என்றும், 'கடை' என்பது 'கெடாய்' என்றும் வழங்குவதை இவ்விடத்தில் நினைவூட்டுகிறேன்.

மலாய் அன்பர்கள் தொழுகைக்குச் செல்லும்போது உடுத்தும் கட்டம்போட்ட கைலிக்குக் 'காயின் பெலிக்காட்' என்று பெயர். 'பெலிக்காட்' என்பது பழவேற்காடு என்னும் ஊர்ப்பெயர். சென்னைக்கு வடக்கே உள்ள அத்துறையிலிருந்து பொதிபொதியாக வந்த துணி, தன் ஊர்ப்பெயரை இங்கே விட்டுச் சென்றிருக்கிறது. ஒல்லாந்தர் பழவேற்காட்டில் கோட்டை கட்டியதும் இத்துணி வாணிகத்திற்காகவே. 1641இல் அவர்கள் மலாக்காவைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றிய பின்னர், இரண்டு துறைகளும் ஒரே கும்பினியின் கணக்கேட்டில் இடம்பெற்றன.

இடையே ஒரு வேடிக்கை. 'பத்து' என்றால் மலாயில் கல்; 'பெரண்டாம்' என்றால் நீரில் மூழ்கி ஊறியிருத்தல். ஊறிய கல் என்னும் பெயருடைய ஊரில் அமர்ந்து உலர்சரக்கைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்!

இனி, உலர்த்துதல் என்பது என்ன செய்கிறது? பூஞ்சணமும் நுண்ணுயிரும் பெருகுவதற்கு நீர் வேண்டும். பொருளிலுள்ள நீரைக் குறைத்தால் அவை பெருக இயலாது. நெல்லின் ஈரம் நூற்றுக்குப் பதினான்கு அளவிற்குக் குறைந்தாலே சேமிப்பிற்கு ஏற்றது என்பர். பச்சை மிளகுக் காய் வெயிலில் காய்ந்து சுருங்கிக் கருமிளகாகிறது. கிராம்பு என்பது மலராத மொட்டு. அதுவும் காய்ந்த பின்னரே நாம் அறியும் கிராம்பாகிறது. மீனுக்கு வெயில் மட்டும் போதாது, உப்பும் வேண்டும். உப்பு உள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. வற்றல், வடகம், உணங்கல், உப்புக்கண்டம் என்று உலர்ந்த பண்டங்களுக்குத் தமிழில் எத்தனை பெயர்கள்! மிளகாய் மட்டும் இக்கூட்டத்தில் புதியது. அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய அதனைப் போர்த்துக்கீசியரே நம் பக்கம் கொணர்ந்தனர். கோவலனும் கண்ணகியும் மிளகாயைக் கண்டவரல்லர்.

நம் பெற்றோர் வாழ்வில் உலர்ந்ததும் ஈரமும் எவ்வாறு பின்னிக் கிடந்தன என்பதை இனிக் கூற வேண்டும். ரப்பர் மரம் வாணிகப் பயிராக இந்நாட்டில் முதன்முதல் நடப்பட்டது நம் மலாக்கா மாநிலத்துப் புக்கிட் லிந்தாங்கில்தான். 1896இல் டான் சாய் யான் என்பார் அதனைத் தொடங்கினார். அம்மரத்தின் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ரப்பர். எஞ்சியதில் பெரும்பகுதி நீர். எனவே ஒருவர் வாளி நிறையச் சுமந்து வந்தாலும், அந்தப் பாலில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்பதே கணக்கு. கொட்டகையில் கிராணி பாலை நிறுப்பார். மாதிரி எடுத்து, மெட்ரோலாக் என்னும் கருவியை அதில் மிதக்கவிட்டுப் பார்ப்பார், அல்லது மாதிரியை உறையவைத்துக் காயவைத்து நிறுப்பார். 'டி.ஆர்.சி.' என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்களே, அஃது 'உலர் ரப்பர் அளவு' என்பதன் சுருக்கம். ஆகவே பால்மரம் வெட்டியவர்கள் ஈரத்தைச் சுமந்து, உலர்ந்ததற்குக் கூலி பெற்று, அக்கூலியைக் கொண்டு உலர்சரக்கு வாங்கியவர்கள்.

இதற்கு நடுவே மழை. விடியலில் மரப்பட்டை நனைந்திருந்தால் வெட்ட இயலாது. வெட்டிய பின் பெய்தால் மங்கிலுள்ள பால் வழிந்தோடும். மழைக்காலத்தில் வேலைநாள் குறையும், வயிறு குறையாது. ஆகையால் வீட்டுத் தகரப் பெட்டியில் எவ்வளவு அரிசியும் பருப்பும் காய்ந்து கிடக்கின்றன என்பதே ஒரு குடும்பத்தின் துணிவு. அது தீர்ந்தால் தோட்டத்து வாயிலில் இருக்கும் கடையில் பற்று.

நானும் அவ்வாறு வளர்ந்தவனே. எழுபதுகளின் இறுதியில் எங்கள் வீட்டிற்கும் ஒரு பற்றுப் புத்தகம் இருந்தது. '555' என்று அட்டையில் அச்சிட்ட சிறு குறிப்பேடு. கடைக்காரரிடம் ஒன்று, எங்களிடம் ஒன்று. அப்போது கட்டி, தாயில் கணக்கு இன்னும் மறையவில்லை. பதினாறு தாயில் ஒரு கட்டி. நூறு கட்டி ஒரு பிக்குள். ஒரு கட்டி இன்றைய கணக்கில் ஏறத்தாழ 605 கிராம். அரிசியைச் சிலர் காந்தாங்கால் அளந்தனர்; நான்கு சுப்பாக் ஒரு காந்தாங். எடை அளவைச் சட்டம் 1972இல் வந்து கிலோகிராம் பரவத் தொடங்கியும், மூத்தோர் வாயில் கட்டியே இருந்தது.

என் தாயார் எழுத்தறியாதவர். மாதக் கடைசியில் மண்ணெண்ணெய் விளக்கின் முன் அமர்ந்து நான் புத்தகத்தை வரிவரியாகப் படிப்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஒரு மழை மாதத்தில் 'காய்ந்த மிளகாய் மூன்று கட்டி' என்று படித்தேன். சட்டென்று கண்ணைத் திறந்தார். "மூணு கட்டி மொளகாயத் தின்னிருந்தா நாம இன்னும் உசுரோட இருப்போமாடா? திருப்பிப் படி!" என்றார். திருப்பிப் படித்தேன். அப்படித்தான் எழுதியிருந்தது. வாங்கியது மூன்று தாயில். மறுநாள் மாலை என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குச் சென்றார். கடைக்காரர் தம் புத்தகத்தைப் பார்த்தார், எங்கள் புத்தகத்தைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் அடித்துத் திருத்தினார். நாற்பத்தெட்டுத் தாயிலுக்கும் மூன்று தாயிலுக்கும் இடையே உள்ள தொகை, எங்கள் வீட்டின் பல நாள் அரிசிக்குச் சமம். கை தவறியதா, கருத்து தவறியதா என்று நான் இன்றளவும் ஆராயவில்லை. அதே கடைக்காரர்தான் வேலை இல்லாத வாரங்களிலும் எங்களுக்கு இல்லை என்னாமல் கொடுத்தவர். ஆனால் அம்மாதம் முதல் ஒரு வரியையும் விடாமல் படிக்கும்படி தாயார் கட்டளையிட்டார். பள்ளியில் பெருக்கல் வாய்பாட்டை நான் விரைந்து கற்றதற்கு என் ஆசிரியர் மட்டும் காரணரல்லர்.

அவர்க்கு முந்திய தலைமுறையின் கதை இன்னும் கடினம். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் அரிசி வருவது தடைப்பட்டு, தோட்ட மக்கள் மரவள்ளிக் கிழங்கை நம்பி வாழ்ந்தனர். கிழங்கைப் பறித்தால் சில நாள்களுக்குள் கெட்டுவிடும். எனவே அதனையும் சீவி வெயிலில் காயவைத்தனர். அக்காலத்தைக் கண்ட பாட்டிமார் பிற்காலத்தில் ஒரு பிடி அரிசி சிந்தினாலும் ஏன் சினந்தனர் என்பது இப்போது விளங்கும்.

2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, உலர்சரக்கு என்னும் சொல் மீண்டும் எல்லார் வாயிலும் வந்தது. அரிசி, கோதுமை மாவு, சீனி, மீகூன், பருப்பு, சாடின் டின், சமையலெண்ணெய் ஆகியன அடங்கிய பைகள் வீடுவீடாகக் கொடுக்கப்பட்டன. குழம்பில் மிதக்கும் சாடினும் போத்தலில் தளும்பும் எண்ணெயும் எவ்வாறு உலர்சரக்காகும் என்று நீங்கள் கேட்கலாம். அம்மாணவியும் அதையே கேட்டாள். காற்றும் ஈரமும் புகாமல் அடைக்கப்பட்டு, குளிர்பெட்டியின்றி அலமாரியில் நெடுநாள் இருக்கக்கூடியது எதுவும் இன்று அப்பெயரில் அடங்கிவிடுகின்றது என்றேன். சற்று யோசித்துவிட்டு, "அப்படியென்றால் ரிப்பனும் சேரும்தானே, ஐயா" என்றாள். ஆம், சேரும்.

நம் பள்ளி நூலகத்தின் வாயிலருகே ஒரு கண்ணாடி அலமாரி ஒதுக்கியுள்ளோம். பழைய பற்றுப் புத்தகம், சுப்பாக், தாசுக்கோல், அரிசி போட்டுவைத்த தகரப் பெட்டி, பால் மங்கு ஆகியன இன்னும் எவர் வீட்டிலேனும் இருக்குமாயின், பிள்ளைகள் வழியாக அனுப்பி உதவ வேண்டுகிறேன். பொருளின் மேல் குடும்பத்தின் பெயரையும், அஃது எந்தத் தோட்டத்தில் பயன்பட்டது என்பதையும் ஒரு தாளில் எழுதி ஒட்டுக. பற்றுப் புத்தகங்களை ஈரம் படாமல் நெகிழிப் பையில் இட்டு அனுப்புக.